தடத்தின் வாய் எந்தப் பக்கம்

நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் இப்போது டயர் தேர்ந்தெடுக்க ஒரு டேப்லெட் வாங்கி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் தன் எடையைச் சொல்ல வேண்டும். எந்த மாதிரிப் பாதையில் ஓட்டுகிறார் என்று நான்கு படங்களில் ஒன்றைத் தொட வேண்டும். அகலம் இவ்வளவு, டயர் மேல் துருத்தும் பட்டன் இப்படி, காற்று இத்தனை என்று அது சொல்லிவிடும். ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்துப் போன வாரம் மன்னார்புரம் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். என்னையும் தொடச் சொன்னார்கள். தொட்டேன். நான் எந்த டயரைச் சொல்லியிருப்பேனோ அதே டயரைத்தான் அதுவும் சொன்னது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

என் இடத்தில் இப்போது இருப்பவர் மேரி. கை சுத்தமான மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"பாய், இது தப்பே பண்ணாதாம். நீங்க எப்பவாவது தப்புப் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு, "ஒண்ணு பண்ணியிருக்கேன். எழுதித் தர்றேன், படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. எழுதும்போது எதிரே ஒரு முகம் இருக்காது, அந்த வசதி.

என் பெயர் சாதிக். வீடு ஊரின் பழைய பகுதியில். இருபத்திரண்டு வருடம் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையில் இருந்தேன். பட்டறையை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கிராவல் பைக் கடையில் வேலை என்று வீட்டில் சொன்னதும் என் மனைவி, "கிராவல் அடிக்கிற வண்டியா? திரும்பவும் லாரிதானா?" என்று கேட்டாள். நம் ஊரில் கிராவல் என்றால் ரோடு போடுகிற செம்மண் சரளைதானே. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கப் பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில், ஆனால் சரளை, மணல், சேறு எல்லாவற்றிலும் இறங்கும் வண்டி என்று விளக்கினேன். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் அந்த வண்டிக்கு டயர்தான் உயிர். டயர் தப்பாகப் போனால் எவ்வளவு நல்ல வண்டியும் தள்ளிக்கொண்டு வருவதற்குத்தான் ஆகும்.

கடையின் தலைமை மெக்கானிக் யூசுப் சார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். சவுதியில் பாலைவனத்தில் ஓட்ட சைக்கிள் வாடகைக்கு விடும் இடத்தில் பதினான்கு வருடம் இருந்தவர். கடையில் எல்லாரும் தன்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். "பாய்னு கூப்பிட்டா கஸ்டமர் பேரம் பேசுவான். சார்னா பேச மாட்டான்" என்பது அவர் கணக்கு. வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸில் வேலை செய்வார். பத்து வருடத்தில் அந்தச் சட்டையில் ஒரு கறையை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்று நான் முயற்சி செய்யாமலும் இல்லை.

ஒருவர் டயர் கேட்டு வந்தால் சார் எந்த டயர் வேண்டும் என்று கேட்க மாட்டார். எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார். பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, அதை நம்பாமல், பின்சக்கரத்தின் பழைய டயரைக் கழற்றுவார். முதலில் கழுவ மாட்டார். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் டயரைத் தட்டுவார். விழுகிற மண்ணை விரலால் பரப்பிப் பார்ப்பார். பிறகு நீல பேசினில் தண்ணீர் வைத்துக் கழுவி, துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை டயரின் முழு வட்டத்துக்கும் ஓட்டுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. போன் அடித்தால்கூட எடுக்கக்கூடாது. ஒரு சுற்று முடிந்து கண்ணைத் திறந்ததும் டயரைச் சொல்லிவிடுவார்.

அவரிடம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கடையில் யாருக்காவது உதவும். தொட்டியம் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்குப் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் இடையில் அடைத்துச் சக்கரம் உருண்டைக் கட்டியாகிவிடும். வையம்பட்டிச் சரளைக்குச் சின்னப் பட்டன், நெருக்கமாக, பக்கச் சுவர் தடித்த டயர். அங்கே கருவேல முள்ளும் உண்டு, அதனால் டியூப் இல்லாமல் உள்ளே ரப்பர் பால் ஊற்றி மாட்ட வேண்டும். முள் குத்தினால் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துவிடும். காவிரிக் கரை ரோடு என்றால் நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் பட்டன். கொள்ளிடத்து மணலுக்கு இருப்பதிலேயே அகலமானது, அதுவும் காற்றைக் குறைத்து. கட்டைவிரல் அமுக்கினால் லேசாக உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் டேப்லெட்டும் சொல்லும். அது சொல்லாத ஒன்றையும் சார் ஒரு நாள் சொன்னார். உறையூரிலிருந்து வழக்கமாக வரும் ஒருவர், தினமும் முக்கொம்பு போய் வருகிறேன், அதற்குத் தகுந்த டயர் வேண்டும் என்றார். சார் தாளில் தட்டினார். மண்ணோடு காய்ந்த பூவிதழ்கள் விழுந்தன. ரோஜா, சாமந்தி. பட்டன்களின் அடியில் கறுத்துப் போன பழைய இதழ்கள், அவற்றின் மேல் வாடிய இதழ்கள், எல்லாவற்றுக்கும் மேல் இன்னும் நிறம் போகாத இதழ்கள். நாலைந்து பொரியும் இருந்தன. சார் தாளை மடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுல யாருங்க போயிட்டாங்க?"

 மனைவி இறந்து நாலு மாதம் ஆகிறதாம். தினமும் காலையில் சுடுகாட்டு ரோட்டில் போய் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாராம். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாதாம்.  அன்று சாயங்காலம் என் மொபெட் டயரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். நான் எங்கும் போகவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சங்கதி புரிய வேண்டும். சில டயர்களின் பட்டன்கள் வரிசையாக V எழுத்துப் போல இருக்கும். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று டயரின் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த டயர் மண்ணில் உருண்டால் V V V என்று அச்சு விழும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கூர் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் வண்டி போயிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அது தவறு. சார் ஒரு நாள் கடைத் தரையில் கோலமாவைப் பரப்பி, சக்கரத்தை அதன் மேல் உருட்டிக் காட்டினார். கூர்தான் முதலில் தரையைத் தொடுகிறது. V-யின் இரண்டு கைகளும் அதற்குப் பிறகுதான், வண்டி போகும் திசையில் கூருக்கு முன்னால் விழுகின்றன. ஆகவே V-யின் திறந்த வாய் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் வண்டி போயிருக்கிறது. கூர், வண்டி வந்த பக்கம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

கூடவே சார் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். அதிக மணலில் ஓட்டுகிறவருக்குப் பின்டயரை மட்டும் உல்டாவாக, அதாவது அம்புக்குறிக்கு எதிராக மாட்டுவார். அப்படி மாட்டினால் பட்டன் மணலை வாரிப் பிடிக்கும், சக்கரம் புதையாது. சவுதியில் கண்ட வழி. ஆனால் உல்டா போட்டால் அந்த வாடிக்கையாளரின் கார்டில் சிவப்பு மையில் எழுதியே ஆக வேண்டும் என்பது அவர் சட்டம். "மாட்டுனவன் மறந்துருவான். கார்டு மறக்காது" என்பார்.

பிறகு சார் மகனோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். நான் தலைமை ஆனேன். சிவப்புப் பேனா எங்கேயோ காணாமல் போயிற்று. நான்தானே மாட்டுகிறேன், எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். எல்லாம் திமிர்தான்.

ஸ்ரீரங்கத்து ராகவன் சார் அப்போதுதான் எங்களிடம் வர ஆரம்பித்திருந்தார். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர். ஹெல்மெட்டுக்குக் கீழே நெற்றியில் திருமண் பளிச்சென்று தெரியும். விடியும் முன்பே கோயிலில் விஸ்வரூபம் சேவித்துவிட்டு நேராகக் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவார். போனை வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஆற்று மணலுக்குள்ளேயே இறங்கி ஓட்ட வேண்டும், அதற்கு டயர் வேண்டும் என்றார்.

"மணல்ல என்ன சார் இருக்கு? கரை ரோடு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நடு ஆத்துல போய் நின்னு பாருங்கோ பாய். ராஜகோபுரம் மட்டும் தெரியும், ஊர் தெரியாது. கத்தினா நம்ம குரல் நமக்கே திரும்பி வராது. போனது போனதுதான். அப்படி ஒரு இடம் வேற எங்கே இருக்கு?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அப்படி ஓர் இடத்தில் நிற்க ஆசை வரவில்லை. V பட்டன் வைத்த அகல டயர் இரண்டு எடுத்தேன். முன்டயரை நேராகவும் பின்டயரை உல்டாவாகவும் மாட்டினேன். அன்று சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. கார்டில் டயரின் பெயரை மட்டும் எழுதினேன்.

அது நடந்தது ஆடி மாதம். மேலே தண்ணீர் திறக்கப் போகிறார்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டார்கள். ராகவன் சாரும் அதைக் கேட்டிருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டால் மணல் மூன்று மாதத்துக்குக் கிடைக்காது, வருவதற்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

காலை ஒன்பதேகால் இருக்கும். கடையைத் திறந்து காற்று மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தேன். கார்த்திக்கிடமிருந்து போன். ராகவன் சார் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு, கம்ப்யூட்டர் வேலை, அவரும் எங்கள் வாடிக்கையாளர்.

"பாய், ராகவன் சார் இன்னும் வீடு திரும்பலைங்க. நானும் அவர் வீட்டு மாமியும் கரையிலதான் நிக்கிறோம். கரையிலேர்ந்து ஆத்துல இறங்குற சாய்தளத்துக்குக் கீழ ஒரு டயர் தடம் இருக்கு. ஒரே தடம்தான். தண்ணி வரைக்கும் போகுது. போட்டோ அனுப்பியிருக்கேன், அவர் டயரான்னு பாத்துச் சொல்லுங்க."

பின்னால் காற்றின் இரைச்சல். ஆடிக் காற்று போனுக்குள்ளேயே புகுந்து வந்தது. படத்தைத் திறந்தேன். ஈர மணல். நேர்கோடாக ஒரு தடம். தடம் முடிகிற இடத்தில் காவி நிறத் தண்ணீர். என் டயர்தான், சந்தேகமே இல்லை.

"நம்ம டயர்தான்" என்றேன்.

"அம்பு தண்ணிப் பக்கம் காட்டுதுங்க பாய். உள்ள போயிருக்கார் போல. இப்ப இடுப்பளவு தண்ணி ஓடுது. பரிசல்காரரை வரச் சொல்லிட்டோம்."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூர் தண்ணீரைப் பார்த்தது. வாய் கரையைப் பார்த்தது. எனக்குள் உடனே ஒரு சந்தோஷம். ஒரு மனிதர் பிழைத்தார் என்ற சந்தோஷம் அதில் பாதிதான். மற்றப் பாதி, எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை என்கிற சந்தோஷம். இதை எழுதவே கை கூசுகிறது.

"தம்பி, கூர் காட்டுற பக்கம் போனதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. அது தப்பு. வாய் திறந்திருக்கிற பக்கம்தான் வண்டி போன பக்கம். இவர் தண்ணியிலேர்ந்து வெளிய வந்திருக்கார். பயப்படாதீங்க."

"நிச்சயமாவா பாய்?"

"முப்பது வருஷமா டயரைத் தவிர நான் வேற என்ன பார்த்தேன்? வெளிய வந்துட்டார்."

கார்த்திக் போனைக் கையில் வைத்துக்கொண்டே, "மாமி, வெளிய வந்துட்டாராம்!" என்று கத்தியது கேட்டது. பிறகு பல குரல்கள். கரையில் கூட்டம் கூடியிருக்க வேண்டும். வந்துட்டார், வந்துட்டார் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்ல, அது தூரம் தூரமாகப் போனது. தடம் சாய்தளத்துக்குக் கீழே மேற்குப் பக்கம் வளைகிறது, கரை ரோட்டில் மேற்கேதான் போயிருப்பார், எங்காவது தோப்பில் மயங்கி விழுந்திருக்கலாம் என்று எல்லாரும் மேற்கே கிளம்பினார்கள். பரிசல்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவர் எங்கே இறங்கினார், உள்ளே போன தடம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பையனுக்கு அதே டயரை மாட்ட வேண்டி வந்தது. கல்லூரி மாணவன், கரை ரோட்டில்தான் ஓட்டுகிறான், நேராக மாட்ட வேண்டிய டயர். பின்டயரைக் கையில் எடுத்தேன். கை தானாகத் திருப்பியது. அம்புக்குறி பின்னால் பார்க்கிற மாதிரித் திருப்பி ரிம்மில் வைத்துவிட்டுத்தான், ஏன் இப்படி வைத்தேன் என்று பார்த்தேன். இந்த டயரை நான் இதற்கு முன் ஒரே ஒருவருக்குத்தான் மாட்டியிருந்தேன். என் புத்தி மறந்ததைக் கை மறக்கவில்லை.

யா அல்லா என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன், அந்த மாணவன் பயந்துவிட்டான்.

கார்த்திக்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கார்டைப் பார்த்து ராகவன் சார் எண்ணுக்கே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பூட்டிய வீட்டில் மேஜை மேல் அது அடிப்பது என் காதில் விழுவது போல இருந்தது. மொபெட்டை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்து மேற்கே கொள்ளிடக் கரையை அடைகிற வரை வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

கரையில் யாரும் இல்லை. பட்டப்பகல், தலைக்கு மேல் வெயில், ஒரு மைல் அகல ஆறு, ஓர் ஆள் இல்லை. மணல் தரையோடு தரையாகப் புகை போலப் பறந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் ஓரத்தில் ஒரே ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. இறங்கிப் போனேன். வைதேகி அம்மா, ராகவன் சாரின் மனைவி. கடைக்கு ஒரு தடவை அவரோடு வந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், மடித்த துண்டு. தடத்தின் ஓரமாக, அதற்கு நிழல் கொடுப்பவர் போல உட்கார்ந்திருந்தார். காற்று வருகிற பக்கம் தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ பாய். கெடச்சுட்டாரா? எல்லாரும் அந்தப் பக்கம் போயிருக்கா. காத்துல இது அழிஞ்சுடப் போறதேன்னு நான் இங்கேயே உக்காந்துட்டேன். யாரும் மிதிச்சுடப்படாது. அவர் வந்த வழி இல்லையா" என்றார்.

முகத்தில் பயமே இல்லை. நான் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் சாய்தளத்தின் அடிக்குப் போனேன். நேராகப் போகும் வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை மூடிவிடும். ஒரு தடம்தான் தெரியும். திரும்புகிற இடத்தில் மட்டும் இரண்டும் பிரியும். கரை ரோட்டிலிருந்து ஆற்றுக்குத் திரும்பிய வளைவில் அவை பிரிந்திருந்தன. ஆழமானது ஒன்று, ஆழம் குறைந்தது ஒன்று. ஆளின் எடை பின்சக்கரத்தில்தான் விழும், ஆகவே ஆழமானது பின்டயர். அதன் வாய் கரையைப் பார்த்தது. ஒரு சாண் தள்ளி, முன்டயரின் வாய் ஆற்றைப் பார்த்தது. ஒரே வண்டி, ஒரே மனிதர். ஒரு கோடு வெளியே வந்துவிட்டார் என்றது, பக்கத்துக் கோடு உள்ளே போனார் என்றது.  முன்டயர்தான் நேராக மாட்டியது. முன்டயர் சொல்வதுதான் உண்மை.

திரும்பி வந்து அவர் எதிரே மணலில் மண்டியிட்டேன்.

"அம்மா, நான் சொன்னது தப்புங்க. சார் வெளிய வரல. உள்ள போயிருக்கார்."

அவருக்குப் புரியவில்லை. "நீங்கதானே வாய் பாத்துச் சொன்னேள்?"

"பின்டயரைத் திருப்பி மாட்டுனதே நான்தாம்மா. மறந்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை.  எழுந்தார். இரண்டு மணி நேரம் காத்து வைத்த அந்தத் தடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினார். நான் பின்னாலேயே ஓடிப் பிடித்திருக்காவிட்டால் இறங்கியிருப்பார். "ஏன்னா!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். குரல் திரும்பி வரவில்லை. ராகவன் சார் அன்று சொன்னது சரிதான், அங்கே போனது போனதுதான்.

பரிசல்காரரை நானே மொபெட்டில் போய் அழைத்து வந்தேன். நீரோட்டத்தோடு கிழக்கே முக்கால் மைல் தள்ளி, நடு ஆற்றில் நாணல் அடர்ந்த ஒரு திட்டு. காலையில் அது மணல் மேடு, இப்போது தண்ணீருக்கு மேல் புதர் மட்டும்தான் தெரிந்தது. ராகவன் சார் அங்கேதான் இருந்தார். வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நாணலைக் கையில் சுற்றிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் கிடந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் பரிசல் வெறுமனேதான் திரும்பியிருக்கும் என்று பரிசல்காரர் சொன்னார். ராகவன் சாரை மெதுவாகத் தூக்கிப் படுக்க வைத்தபோது கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. எதுவும் பேசவில்லை. வைதேகி அம்மா காபியை மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தபோது, அது யார் என்று தெரியாதவர் போலத்தான் குடித்தார்.

மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு கடைக்கு வந்தார். வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு யாரோ எடுத்துக் கொடுத்தார்களாம். செயின் துருப்பிடித்து, உள்ளெல்லாம் வண்டல். இனி ஓட்டப் போவதில்லை, கார்த்திக்கின் தம்பிக்குக் கொடுக்கப் போகிறேன், ரோட்டு டயராக மாட்டிக் கொடுங்கள் என்றார். வைதேகி அம்மா என்னைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. நன்றி வேறு சொன்னார். நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களாமே என்றார்.

அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். பின்டயரைக் கழற்றி அம்புக்குறியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ வந்தது, நான் வாய் பார்த்தது, பரிசலைத் திருப்பி அனுப்பியது, அந்த இரண்டு மணி நேரம். வெளியே வந்துவிட்டார் என்று முதலில் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவர் டயரைக் கையில் வாங்கினார். அம்புக்குறியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்போ அது நெஜமாவே கேட்டதா பாய்? நான் பிரமைன்னு நெனச்சிண்டிருந்தேன். காத்து கரைப் பக்கத்திலேர்ந்து எம்பக்கம் அடிச்சுது. நான் கத்தினது கரையில நின்னவாளுக்கு எட்டலை, அவா பேசினது எல்லாம் எனக்கு எட்டித்து. தெளிவா எட்டித்து. வந்துட்டார், வந்துட்டார்னு அத்தனை பேரும் சந்தோஷமா சொன்னா. வைதேகி குரலும் இருந்தது. அவளும் சொன்னா."

டயரைத் திருப்பிக் கொடுத்தார். 

"நான் வந்துட்டேன்னு அவளே சொல்றா. அவளுக்குத் தெரியாதா? அப்போ இங்கே ஜலத்துல கெடக்கறது யாருன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் நான் கத்தலை பாய். கத்தினா அது யாரோட குரலா இருக்குமோன்னு பயமா இருந்தது."